41 இரவுகள், 20 பைட்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சில வருடங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை டேட்டாபேஸ் இருந்த டிஸ்க் போய்விட்டது. எனக்குப் பெரிய பதற்றம் இல்லை. டிஸ்க் என்று இருந்தால் ஒருநாள் போகும். அதற்காகத்தானே தினமும் ராத்திரி இரண்டு மணிக்கு இன்னொரு மெஷினுக்கு பேக்கப் போகிறது. புது டிஸ்க் போட்டு, சிஸ்டம் ஏற்றி, பேக்கப் ஃபோல்டரைத் திறந்தேன். ஞாயிறு ஃபைல் 20 பைட். சனி ஃபைல் 20 பைட். வெள்ளி, வியாழன், புதன் என்று பின்னால் போய்க்கொண்டே இருந்தேன். அங்கே இருந்த 30 ஃபைலும் 20 பைட்.

வழக்கமாக ஒரு ஃபைல் 900 எம்பி வரும்.

கணக்குப் பிரிவு அக்கா பக்கத்தில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏந்தம்பி, நேத்து ராத்திரிகூட பேக்கப் சக்சஸ்னு மெயில் வந்துச்சே?" என்றார். வந்தது உண்மைதான். அந்த மெயில் ஒருநாள் விடாமல் வந்துகொண்டுதான் இருந்தது. காலையில் தலைப்பைப் பார்ப்பேன், சக்சஸ் என்று இருக்கும், அடுத்த மெயிலுக்குப் போய்விடுவேன்.

மார்ச் மாதக் கணக்கு முடித்தபோது எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துவைத்த ஒரு பிரதி அக்காவின் பீரோவில் இருந்தது. அதிலிருந்து தொடங்கினோம். அதற்குப் பிறகான மாதங்களை அச்சடித்த பில், டெலிவரி சலான், ஜிஎஸ்டி போர்ட்டலில் ஏற்கெனவே தாக்கல் செய்திருந்த விவரம் எல்லாவற்றையும் வைத்து அக்காவும் இன்னும் இரண்டு பேரும் மூன்று வாரம் உட்கார்ந்து கையால் அடித்தார்கள். ஆர்டர் பற்றிய குறிப்புகள், சாயப்பட்டறைக்கு அனுப்பிய திருத்தங்கள் போன்றவை எந்தக் காகிதத்திலும் இல்லை. அவை போனவை போனவைதான்.

யாரும் என்னைத் திட்டவில்லை. முதலாளி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நாப்பத்தியொரு நாளா வேலை செய்யாத ஒண்ணு, செய்யுதுன்னு எப்படிங்க சொல்லுச்சு?" அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் பேக்கப்பின் லாக், எரர் ஃபைல்களை ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன். இந்தப் பதிவும் அதற்கான பதில்தான். இதே வேலையில் இருக்கும் யாராவது ஒருவர் படித்துவிட்டு இன்றைக்கே தன் ஃபோல்டரைத் திறந்து ஃபைலின் அளவைப் பார்த்தால் எனக்குப் போதும்.

நடந்தது இதுதான். எங்கள் ஸ்கிரிப்டில் முக்கியமான வரி ஒன்றே ஒன்று. மைஎஸ்கியூஎல்டம்ப் டேட்டாவை எடுத்துக் கொடுக்கும். பைப் வழியாக அது ஜிஜிப்புக்குப் போகும். ஜிஜிப் சுருக்கி ஃபைலாக எழுதும். பாஸ்வேர்டை அந்தக் கமாண்ட் வரியிலேயே போட்டிருந்தேன். அப்படிப் போட்டால் 'கமாண்ட் வரியில் பாஸ்வேர்ட் கொடுப்பது பாதுகாப்பில்லை' என்று ஓர் எச்சரிக்கை ஒவ்வொரு தடவையும் எரர் பக்கம் வந்து விழும். எரர் ஃபைலில் தினமும் அதே ஒரு வரி. பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், எரர் பக்கம் வருவது எல்லாவற்றையும் டெவ்-நல்லுக்குத் திருப்பிவிட்டேன். லினக்ஸ் தெரியாதவர்களுக்கு: அது ஓர் அடியில்லாத குழி, போட்டது திரும்பாது. எரர் தொல்லை ஒழிந்தது என்று நினைத்தேன்.

பிறகு ஒருநாள் டேட்டாபேஸ் பாஸ்வேர்டுகளை எல்லாம் மாற்றினோம். பேக்கப் எடுக்கும் பயனரின் பாஸ்வேர்டும் அதில் மாறியது. ஸ்கிரிப்டில் பழையதே இருந்தது. அன்றிரவு முதல் டேட்டாபேஸ் 1045 என்ற பிழை எண்ணோடு அனுமதி இல்லை என்று திருப்பி அனுப்பியது. அந்த வரி நான் வெட்டிவைத்த குழியில் விழுந்தது. ஜிஜிப்புக்கு எதுவும் வந்து சேரவில்லை. வெறுமையையும் அது முறைப்படி சுருக்கியது: முன்னால் 10 பைட் தலைப்பு, பின்னால் 8 பைட் சரிபார்ப்பு, நடுவே ஒன்றுமில்லை என்பதற்கு 2 பைட். ஆகமொத்தம் 20. அந்த ஃபைலை ஜிஜிப்பிடமே கொடுத்துச் சோதித்தாலும் குறை ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லும். ஜிஜிப் ஃபைலாக அதில் குறை இல்லைதான்.

அடுத்ததுதான் பலருக்கும் தெரியாதது. பாஷ் ஷெல்லில் பைப் போட்டுக் கோத்த கமாண்டுகள் கடைசியில் திருப்பித் தரும் எக்ஸிட் கோட், கடைசிக் கமாண்டுடையது. முன்னால் இருப்பது செத்தாலும் கணக்கில் வராது. ஜிஜிப் ஒழுங்காக முடித்ததால் கிடைத்தது 0. ஸ்கிரிப்ட் 0 என்று பார்த்ததும் சக்சஸ் மெயில் அனுப்பியது. கடைசி வரி, 30 நாளுக்கு மேற்பட்ட பழைய பேக்கப்புகளை அழிக்கும் வரி. பேக்கப் 41 இரவு தோற்றது. அழிக்கும் வரி ஓர் இரவுகூடத் தோற்கவில்லை. டிஸ்க் போவதற்குப் பத்து நாளுக்கும் முன்பே, மிச்சமிருந்த கடைசி நல்ல ஃபைலையும் அது துடைத்துவிட்டிருந்தது.

இதில் எந்த நிரலும் பொய் சொல்லவில்லை என்பதுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது. ஒவ்வொன்றும் தன் வேலையைச் செய்தது. பொய் பிறந்தது நான் அவற்றைக் கோத்த விதத்தில்.

உடனடியாகச் செய்த மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்கிரிப்டின் தலையில் பைப்ஃபெயில் என்ற அமைப்பைச் சேர்த்தால் வரிசையில் எது தோற்றாலும் மொத்தமும் தோற்றதாக வரும். பாஸ்வேர்டைக் கமாண்ட் வரியிலிருந்து எடுத்து, பேக்கப் பயனர் மட்டும் படிக்கக்கூடிய தனி அமைப்பு ஃபைலில் வைத்தேன். அதோடு அந்தத் தினசரி எச்சரிக்கையும் நின்றது. நான் முதலிலேயே செய்திருக்க வேண்டியது அதைத்தான். இரைச்சல் வந்தால் அது பிறக்கும் இடத்தில் அடைக்க வேண்டும். நான் காதை அடைத்துக்கொண்டேன். இப்போது எரர் பக்கம் வருவதெல்லாம் அந்தந்த நாள் தேதி போட்ட தனி ஃபைலுக்குப் போகிறது. அழிக்கும் வரி, அன்றைய பேக்கப் எல்லாச் சோதனையும் தாண்டினால் மட்டுமே ஓடும். அதோடு எத்தனை நாளானாலும் நல்ல பிரதிகளில் கடைசி ஏழைத் தொடக்கூடாது என்றும் எழுதிவைத்தேன்.

ஆனால் இவையெல்லாம் நான் கண்டுபிடித்த ஓட்டைகளை அடைப்பவை. கண்டுபிடிக்காத ஓட்டைக்கு என்ன செய்வது? அதற்கு வழி அக்காவிடமிருந்து கிடைத்தது.

கையால் பதிவு நடந்துகொண்டிருந்த அந்த மூன்று வாரத்தில் ஒருநாள் அவரிடம், "எரர் ஃபைல் காலியா இருந்தா எல்லாம் சரின்னு நெனச்சுட்டேங்க்கா" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "யாவாரமே இல்லாத மாசத்துக்கும் நில் ரிட்டர்ன் போடறோமில்ல தம்பி? ஒண்ணும் போடாம வுட்டா, யாவாரம் இல்லைன்னா அர்த்தம்? கணக்கே போடலைன்னுதானே அர்த்தம்?" என்று சொல்லிவிட்டு அடிக்கப் போய்விட்டார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். காலியான எரர் ஃபைலுக்கு எத்தனை அர்த்தம் இருக்க முடியும் என்று எண்ணிப் பார்த்தேன். பிழை இல்லாமல் முடிந்திருக்கலாம். வேலை தொடங்காமலே இருந்திருக்கலாம். பாதியில் மெஷின் அணைந்திருக்கலாம். டிஸ்க் நிறைந்து எரரையே எழுத முடியாமல் போயிருக்கலாம். எரர் வேறெங்கோ போயிருக்கலாம். ஐந்தில் ஒன்றுதான் நல்ல செய்தி. அதைத்தான் நான் எப்போதும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு ஒரு நாள்வழிக் குறிப்பேடு தொடங்கினேன். நாள்வழி, பேரேடு என்ற கணக்குப்பிள்ளைச் சொற்கள் இந்த வேலைக்கு இவ்வளவு பொருந்தும் என்று அதுவரை தோன்றியதில்லை. விரிவான லாக் ஒவ்வொரு நாளுக்கும் தனி ஃபைல்; அதில் ஆயிரம் வரி இருக்கலாம். நாள்வழி ஒரே ஃபைல், ஓர் இரவுக்கு ஒரே வரி. தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எக்ஸிட் கோட், இன்றைய அளவு, நேற்றைய அளவு, பில் அட்டவணையில் எத்தனை பதிவு, டம்ப்பின் கடைசி வரி சரியா. கடைசி வரி எதற்கு என்றால், மைஎஸ்கியூஎல்டம்ப் முழுவதும் முடித்தால்தான் 'டம்ப் முடிந்தது' என்று தேதியோடு ஒரு வரியை இறுதியில் எழுதும். பாதியில் அறுந்திருந்தால் அந்த வரி இருக்காது. வேலை முடிந்ததற்கு வேலையே போடும் கையெழுத்து அது. வால் பக்கத்து ஒரு வரியைப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. நான் அதுவரை பார்த்ததில்லை.

தேதியை எப்போதும் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில்தான் எழுதுகிறேன். ஃபைல் பெயரிலும் அப்படியே. அப்போதுதான் அகரவரிசையில் அடுக்கினாலே கால வரிசையும் வந்துவிடும். நேரத்தில் ஒரு சிக்கல் உண்டு. கிளவுடில் இருக்கும் எங்கள் சர்வர் ஒன்று உலகப் பொது நேரத்தில் எழுதும்; ஆபீஸ் சர்வர் நம் நேரத்தில் எழுதும். இடையில் ஐந்தரை மணி நேரம். இரவு இரண்டு மணிக்கு இங்கே தொடங்கிய வேலை அங்கே முந்தைய நாள் தேதியில் கிடக்கும். இரண்டு லாக்கையும் பக்கத்தில் வைத்து ஒரு பிழையைத் துரத்தும்போது தலை சுற்றிவிடும். ஒவ்வொரு வரியிலும் நேரத்தோடு நேர வித்தியாசத்தையும் எழுதச் செய்த பிறகுதான் அது தீர்ந்தது. சர்வர் கடிகாரங்களை என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு இணைத்து வைக்கச் சொல்லியும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்லியும் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று உத்தரவு போட்டது. பலர் அதை ஒரு சுமையாகப் பார்த்தார்கள். எனக்கு அவை இரண்டும் ஏன் தேவை என்று ஏற்கெனவே தெரிந்திருந்தது.

நாள்வழியைப் படிப்பது யார்? காலை ஆறு மணிக்கு வேறொரு மெஷின் அதைத் திறந்து பார்க்கிறது. இன்றைய தேதியில் வரி இருக்கிறதா, எக்ஸிட் கோட் 0-வா, அளவு நேற்றையதிலிருந்து பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறதா. ஏதாவது ஒன்று தவறினாலும் என் போனுக்குச் செய்தி வரும். வரியே இல்லையென்றாலும் வரும். முக்கியம் அதுதான். தோல்வி அடைந்தவன் வந்து தகவல் சொல்வான் என்று காத்திருக்கக் கூடாது; அவன் வரும் வழியிலேயே விழுந்து கிடக்கலாம்.

இதை மிகப் பெரிய அளவில் கண்ட நிறுவனம், நிரல்களைச் சேமித்துவைக்கும் தளம் நடத்தும் கிட்லேப். 2017 ஜனவரி 31 அன்று இரவு, அங்கே ஒரு பொறியாளர் துணை டேட்டாபேஸ் சர்வரின் ஃபோல்டரை அழிப்பதாக நினைத்து முதன்மை சர்வரின் ஃபோல்டரை அழிக்கத் தொடங்கினார். ஓரிரு விநாடியில் சுதாரித்து நிறுத்தியபோது சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். பேக்கப்பைத் தேடினால், அது போகவேண்டிய இடம் காலியாக இருந்தது. அவர்கள் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. பதிப்பு பொருந்தவில்லை என்று கருவி ஒவ்வொரு முறையும் பிழை சொல்லி நின்றது. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் அந்தப் பிழையை மெயிலில் அனுப்பவும் செய்தது. ஆனால் அந்த மெயில்களில் டிமார்க் கையொப்ப ஏற்பாடு இல்லாததால் பெறும் பக்கம் அவற்றை நிராகரித்தது. பிழை நடந்தது, சொல்லப்பட்டது, யார் காதிலும் விழவில்லை.

வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் அவர்களைக் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தரவு போயே போய்விட்டது. சுமார் 5,000 புராஜெக்டுகள், 5,000 கருத்துகள், 700 புதுப் பயனர்கள். அவர்கள் எதையும் மறைக்கவில்லை; மீட்கும் வேலையை யூடியூபில் நேரடியாகக் காட்டினார்கள், பிறகு காரணங்களை விரிவாக எழுதி வெளியிட்டார்கள். அந்த அறிக்கைக்கு நான் பட்ட கடன் பெரிது. அதைப் படித்த அன்றுதான் மெயிலை மட்டும் நம்புவதை விட்டேன்.

பேக்கப் லாக்கைப் பேசும்போது கியோட்டோ பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே தரவைத் தின்றது பழைய லாக்கைச் சுத்தம் செய்யும் ஸ்கிரிப்டேதான். சூப்பர் கம்ப்யூட்டரின் பேக்கப் நிரலில் பத்து நாளுக்கு மேற்பட்ட லாக்குகளை அழிக்கும் ஒரு பகுதி இருந்தது. கம்ப்யூட்டரைத் தயாரித்த நிறுவனம் அந்த ஸ்கிரிப்டைத் திருத்தி, படிக்க எளிதாக இருக்கட்டும் என்று மாறிகளின் பெயர்களையும் மாற்றி, பழைய பிரதி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் புதியதை வைத்தது. பாஷ் ஒரு ஸ்கிரிப்டை முழுவதுமாக வாசித்து முடித்துவிட்டு ஓட்டுவதில்லை. ஓட ஓட வாசிக்கும். பாதிவரை பழையதில் ஓடியது, மீதியைப் புதியதிலிருந்து வாசித்தது. புதியதில் இருந்த மாறிக்கு மதிப்பு வைக்கப்படவே இல்லை. லாக் ஃபோல்டரின் பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக நிற்க, அழிக்கும் கமாண்ட் ஆய்வாளர்களின் தரவு இருந்த பெரிய டிஸ்க்குக்குள் இறங்கியது. 2021 டிசம்பர் 14 மாலை முதல் 16 நண்பகல் வரை, சுமார் 77 டெராபைட், ஏறக்குறைய 3.4 கோடி ஃபைல்கள். பாதிக்கப்பட்டவை 14 ஆய்வுக் குழுக்கள். அதில் நான்கு குழுக்களின் தரவை மீட்க வழியே இல்லாமல் போனது.

யாரோ ஒரு மாணவர் வருடக்கணக்காக ஓட்டிய கணக்கீடு அதில் இருந்திருக்கும் என்ற எண்ணம் எனக்கு அடிக்கடி வரும். அதனால் அழிக்கும் வரியைத் தொடும்போதெல்லாம் நான் சில காரியங்களைப் பிடிவாதமாகச் செய்கிறேன். மதிப்பில்லாத மாறியைக் கண்டால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும் அமைப்பு கட்டாயம். ஓடும் ஸ்கிரிப்டைத் திறந்து திருத்துவதில்லை. புதியதைத் தனியாக எழுதி, சோதித்து, பெயர் மாற்றி அந்த இடத்தில் வைப்பேன். பழையது ஓடிக்கொண்டிருந்தாலும் அது தன் பழைய பிரதியையே வாசித்து முடிக்கும். ஃபோல்டர் பெயரோடு ஃபைல் பெயர் எப்படித் தொடங்கி எப்படி முடிய வேண்டும் என்பதையும் கமாண்டில் சேர்ப்பேன். முதல் ஒரு வாரம் அழிக்காமல், எதை அழித்திருப்பேன் என்று பட்டியல் மட்டும் போடச் சொல்வேன். அந்தப் பட்டியலை உட்கார்ந்து படிப்பேன். அழித்த ஃபைல்களின் பெயரும் அன்றைய லாக்கில் இடம்பெறும்.

முடிந்தவரை லாக்கை நானே அழிப்பதும் இல்லை. அதற்கு லாக்ரொடேட் இருக்கிறது. தினமும் ஒன்று, இத்தனை நாள் வைத்திரு, பழையதைச் சுருக்கு என்று நாலு வரியில் சொன்னால் போதும். கையால் அழிப்பதில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரு நிரல் திறந்து வைத்துக்கொண்டிருக்கும் லாக்கை அழித்தால் பெயர்தான் போகும், இடம் திரும்பாது. டிஸ்க் நிறைந்ததாகவே காட்டும், எந்த ஃபைல் என்று தேடினால் அகப்படாது. அந்த நிரலை மறுபடி தொடங்கினால்தான் இடம் விடுபடும். லாக்குக்குத் தனி டிஸ்க் பகுதி ஒதுக்கியதும் இந்த மாதிரி ஒரு ராத்திரிக்குப் பிறகுதான். நாள்வழியின் பிரதி ஒன்று ஒவ்வொரு காலையும் வெளியே போகிறது. சர்வர் முழுகினால் கூடவே அதன் லாக்கும் முழுகக் கூடாது.

எல்லாப் பிழையும் ஒரே எடை இல்லை என்பதையும் பழக வேண்டும். ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் 24 என்ற எக்ஸிட் கோடோடு முடித்தால், பட்டியல் எடுத்த பிறகு சில ஃபைல்கள் மறைந்துவிட்டன என்று பொருள். தற்காலிக ஃபைல்கள் உள்ள இடத்தில் அது சாதாரணம். 23 என்றால் சிலவற்றை நகலெடுக்க முடியவில்லை. அது ஏன் என்று பார்க்காமல் விடக்கூடாது. 24-ஐயும் 23-ஐயும் ஒரே சிவப்பில் காட்டினால் பத்தே நாளில் கண் இரண்டையும் தாண்டிப் போகப் பழகிவிடும். முன்பு அந்தப் பாஸ்வேர்ட் எச்சரிக்கையில் எனக்கு நடந்தது அதுதான்.

ரீஸ்டோர் லாக்கை நான் பார்த்தவரை யாரும் சேமித்து வைப்பதில்லை. டேட்டா வந்துவிட்டதா, எல்லோரும் மூச்சுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். உண்மையில் அதிகம் படிக்க வேண்டிய லாக் அதுதான். போஸ்ட்கிரெஸில் பிஎஸ்கியூஎல் கருவி வழியாக ரீஸ்டோர் செய்தால், நடுவில் ஒரு கமாண்ட் தோற்றாலும் அது நிற்காமல் அடுத்ததற்குப் போய்விடும். பிழையில் நில் என்று நாம் தனியாகச் சொல்ல வேண்டும். பிஜி-ரீஸ்டோரும் தானாக நிற்பதில்லை. கடைசியில் இத்தனை பிழைகளைப் பொருட்படுத்தவில்லை என்று ஒரு வரி எழுதும். ஆயிரக்கணக்கான வரிகளுக்குக் கீழே இருக்கும் அந்த ஒரு எண்ணில்தான் விட்டுப்போன அட்டவணை ஒளிந்திருக்கும். மைஎஸ்கியூஎல் இதில் வேறு மாதிரி. கட்டாயப்படுத்தினால் ஒழிய முதல் பிழையிலேயே நின்றுவிடும். எந்தக் கருவி எப்படி என்று விபத்து நாளன்று தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை மதியம், உற்பத்தி ஓய்ந்த பிறகு, முந்தின இரவு பேக்கப்பை ஒரு பழைய மெஷினில் முழுதாக ரீஸ்டோர் செய்கிறோம். அக்கா இரண்டு பில் எண்களைச் சொல்வார், ஒன்று பழையது, ஒன்று நேற்றையது. திரையில் வந்ததை அவர் கையில் உள்ள காகிதத்தோடு ஒத்துப் பார்ப்பார். பிறகு ரீஸ்டோர் நாள்வழியில் ஒரு வரி: தொடங்கியது, முடிந்தது, பிழை எத்தனை, பேக்கப்பில் இருந்த பதிவு எத்தனை, வந்து சேர்ந்தது எத்தனை, ஒத்துப் பார்த்தவர் யார். இந்த ஃபைலை மட்டும் எந்தக் கணக்கிலும் அழிப்பதில்லை.

போன மாதம் முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்து, "நாளைக்கே டிஸ்க் போச்சுன்னா எத்தனை மணி நேரத்துல ஓட வைப்பீங்க?" என்று கேட்டார். ரீஸ்டோர் நாள்வழியைத் திறந்தேன். கடைசி ஆறு வரிகளில் குறைந்தது 1 மணி 14 நிமிடம், அதிகம் 1 மணி 31 நிமிடம். புது டிஸ்க் வாங்கி மாட்டும் நேரம் தனி என்றேன். அக்கா அங்கிருந்தே, "கடேசி மூணு மாசமா கூடிட்டே வருது பாருங்க, பில் அட்டவணை பெருத்துருச்சு" என்றார். நான் அதைக் கவனித்திருக்கவில்லை. மறுநாள் அந்த அட்டவணையைத் தனியாகப் பிரித்து எடுக்கும் வேலையைத் தொடங்கினேன்.